ஐரிஸ் பாத்தியும் அடைமழையும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாஷ்வில்லில் நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டின் முன்னால் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஐரிஸ் பாத்தி, ஏப்ரல் முழுக்க அடித்த மழையில் நாற்றமெடுக்கிறது என்று எழுதியிருக்கிறாய். "பிடுங்கி எறிந்துவிடட்டுமா அக்கா?" என்றும் கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். டென்னஸியில் இருந்துகொண்டு ஐரிஸை அவசரப்பட்டு எறியாதே. 1933 முதல் அந்த மாநிலத்தின் மலர் அது. உன் ஊரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்த ஜேம்ஸ் கிர்க்லண்ட் உருவாக்கிய 'காப்பர் லஸ்டர்' ரகம் 1938இல் டைக்ஸ் பதக்கம் வாங்கியது. அமெரிக்காவில் ஐரிஸுக்குக் கொடுக்கப்படும் மிகப் பெரிய பரிசு அதுதான். அதே ஊர்க் கவிஞர் ஜெஸ்ஸி வில்ஸின் 'ஷிவல்ரி' 1947இல் அதே பதக்கத்தைப் பெற்றது. உன் ஊர்க் களிமண்ணிலும் உன் ஊர்ப் புயல்மழையிலும் தோட்டம் போட்டவர்கள்தான் இவர்கள்.

முதலில் செடியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள். உன் பாத்தியில் இருக்கும் தாடி ஐரிஸ் (bearded iris) வகையின் முன்னோர்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றியும் துருக்கிப் பக்கமும் உள்ள வறண்ட சரிவுகளில் வளர்ந்தவை. அங்கே கோடை காய்ந்து கிடக்கும். பெய்கிற மழையும் கற்களுக்கிடையே ஓடிவிடும். அதனால் இந்தச் செடி தண்ணீரையும் உணவையும் கிழங்கில் சேர்த்துக்கொண்டு, அந்தக் கிழங்கின் முதுகை வெயிலில் காட்டியபடி படுத்திருக்கும். பார்ப்பதற்கு நம் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கிறது என்று ஆழமாகப் புதைத்துவிடுபவர்கள் உண்டு. அங்கேதான் கேடு தொடங்குகிறது. மேலிருந்து விழும் மழையை ஐரிஸ் தாங்கும். காலடியில் தேங்கும் தண்ணீரையும் கிழங்கின் மேல் கிடக்கும் ஈர மூடாக்கையும் தாங்காது.

ஆகவே ஈரமான வசந்தத்தில் உன் வேலை பெரும்பாலும் எடுத்துப் போடுவதுதான். பாத்தியில் மரப்பட்டைத் தூள் பரப்பியிருந்தால் முழுவதையும் வாரி எடு. மழை அடித்துக்கொண்டு வந்து கிழங்கின் மேல் சேர்த்த மண்ணை விரலாலேயே தள்ளிவிடு. கிழங்கின் மேல்பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேர்கள் மட்டும் மண்ணுக்குள் இருந்தால் போதும். தண்ணீர் தேங்குகிற பக்கம் ஒரு சிறு வாய்க்கால் கீறி வெளியே திருப்பிவிடு. புல்தரைக்குப் போடும் உரத்தை இங்கே வீசிவிடாதே. அதிலுள்ள மிகுதியான நைட்ரஜன் இலையைச் சதைப்பிடிப்பாகக் கொழுக்க வைக்கும்; அப்படிக் கொழுத்த செடிதான் சீக்கிரம் அழுகும்.

இனி அந்த நாற்றம். அது மென்னழுகல் நோய். ஒருவகை பாக்டீரியா, காயம் வழியாகக் கிழங்குக்குள் புகுந்து சதையைக் கூழாக்கிவிடும். வெளியில் எளிதில் தெரியும் அடையாளம் இது: விசிறி போன்ற இலைக்கொத்து சாய்ந்து, லேசாக இழுத்தாலே அடியோடு கையில் வந்துவிடும். ஒவ்வொரு கிழங்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பார். திடமாக இருந்தால் விட்டுவிடு. விரல் உள்ளே போனால் பழைய கரண்டி ஒன்றை எடுத்து, கூழான பகுதியைச் சுரண்டு. வெள்ளையாகக் கெட்டியான சதை வரும்வரை நிறுத்தாதே. சுரண்டியதைப் பாத்தியில் போடாமல் குப்பைப் பையில் கட்டு. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு கிழங்குக்கும் பிறகு கரண்டியையும் கத்தியையும் அதில் முக்கி எடு. இந்தச் சிறு சிரமத்துக்குச் சோம்பல்பட்டால் நோயை நீயே அடுத்த செடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாய். காயத்தை மண்ணால் மூடாதே, வெயில் படட்டும். மழை நிற்கிற அறிகுறியே இல்லை என்றால் கிழங்கைத் தோண்டி எடுத்துத் தாழ்வாரத்தில் காயவை. மண்ணில்லாமல் இரண்டு மூன்று வாரம் கிடந்தாலும் ஐரிஸ் கிழங்கு சாகாது. தபாலில் விற்பவர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

அழுகலுக்குக் கதவு திறந்துவிடுகிற ஒரு புழுவும் உன் பகுதியில் உண்டு. ஐரிஸ் துளைப்பான் என்பார்கள். இலையுதிர் காலத்தில் அதன் தாய் அந்துப்பூச்சி பழைய இலைகளில் முட்டையிடும். வசந்தத்தில் பொரிந்து வரும் புழு இலைக்குள் நுழைந்து, தின்றபடியே கீழிறங்கி, கோடையில் கிழங்கைக் குடைந்துவிடும். இலை ஓரம் கடிபட்டு, ஈரம் ஊறிய கோடு ஒன்று கீழ்நோக்கி ஓடினால் அந்தக் கோட்டின் முனையை இரு விரலால் நசுக்கு. உள்ளேயே புழு செத்துவிடும். மருந்து தெளிப்பதைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். நவம்பர், டிசம்பரில் உறைபனி விழுந்ததும் காய்ந்த இலைகளை முழுக்க அகற்றினால் முட்டைகளும் போய்விடும்.

இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்திருப்பது பூஞ்சை. ஈர வருடத்தில் அது வந்தே தீரும், செடியைக் கொல்லாது. புள்ளி விழுந்த பகுதியை மட்டும் வெட்டு. ஆலங்கட்டி மழை இலையைக் கிழித்துப் போட்டாலும் பச்சையாக இருப்பதை வெட்டாதே. அடுத்த வருடப் பூவுக்குச் சோறு போடுவது அந்த இலைதான்.

புயல்காற்றுக்கு வருகிறேன். உயரமான தாடி ஐரிஸின் பூந்தண்டு 70 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். மழைநீரில் நனைந்த பூக்களின் பாரம் முழுவதும் உச்சியில். மொட்டு நிறம் காட்டும்போதே, கிழங்கைக் குத்திவிடாமல் சற்றுத் தள்ளி ஒரு மூங்கில் குச்சி நட்டு, தண்டை இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டு. அப்படியும் ஒடிந்தால் வருந்தாதே. அடியில் வெட்டி உள்ளே கொண்டுபோய்த் தண்ணீர்க் குவளையில் வை. ஒரு பூ வாடும்போது அடுத்த மொட்டு விரியும்; பல நாள் வீட்டில் பூ இருக்கும். ஒடிந்த மிச்சத்தை மட்டும் பாத்தியில் நிற்க விடாதே, அதன் வழியாகவும் அழுகல் இறங்கும்.

கடைசியாகப் பாத்தி அமைப்பு. 2010 மே மாதத்தின் முதல் இரண்டு நாளில் நாஷ்வில்லில் 13 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டி, கம்பர்லண்ட் ஆறு ஊருக்குள் வந்தது. ஐரிஸ் பூக்கும் நேரம் அது. அப்படி ஒரு மழையை உத்தேசித்துத்தான் அந்த ஊரில் பாத்தி அமைக்க வேண்டும். ஆனால் அழுகிய கிழங்கைத் தவிர மற்றதை இப்போது தோண்டாதே. பூத்து முடிந்து, ஜூலை கடைசியில் மண் காய்ந்ததும் எல்லாவற்றையும் எடுத்துப் பிரி. ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். பிறகு பூப்பவை அதன் பக்கத்தில் கிளைத்த குட்டிகள். அவற்றை வைத்துக்கொண்டு தாய்க் கிழங்கைக் கழித்துவிடு. பாத்தியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, இரு கிழங்குக்கு நடுவே ஒன்றரை அடி விட்டு நடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டாலும் கரண்டியோடு பாத்திக்குப் போ. எத்தனை கிழங்கு கெட்டியாக இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா