பழைய தொகுப்பேடு

உழைப்பின் நடுவே உள்ளத்திற்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வைப் பயனுறக் கழிப்பது அறிவுடைமையாம். ஓய்ந்த வேளையில் சிலர் தோட்டம் பேணுவர். சிலர் இசை பயில்வர். சிலர் பழங்காசுகளைத் திரட்டுவர். அஞ்சல் தலைகளைத் தொகுப்பதும் அத்தகைய நற்பொழுதுபோக்குகளுள் ஒன்று. இது செல்வர்க்கே உரியது எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு. பிறர் தொகுத்துக் கைவிட்ட பழைய ஏடு ஒன்றைச் சில ரூபாய்க்கு வாங்கி, அதனுள் உலகத்தையே கண்டு மகிழும் மாணவரும் உளர். அங்ஙனம் மகிழ்ந்த ஒரு மாணவனின் செய்தியை ஈண்டுக் காணலாம்.

நாகர்கோவிலில் பழைய தாள்களை எடைக்கு வாங்கும் கடை ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, பள்ளி விட்டு வரும் வழியில் அம்மாணவன் அக்கடையின் முன் நின்றான். கடைக்காரர் தடித்த அட்டையிட்ட ஏடு ஒன்றைக் கையிலெடுத்து, அட்டை வேறு தாள் வேறாகக் கிழிக்க முற்பட்டார். தாள்களின்மேல் சிறு சிறு வண்ணப் படங்கள் வரிசையாக ஒட்டியிருப்பது மாணவன் கண்ணிற் பட்டது.

"அண்ணாச்சி, கிழிக்காதீர்கள்! அதை எனக்குத் தருவீர்களா?" என்று அவன் கேட்டான்.

"தாள் விலைதான், தம்பி; எடை போட்டுத் தருகிறேன். வடக்குத் தெருவில் ஒரு வீட்டை ஒழித்தார்கள், அங்கிருந்து வந்தது" என்றார் அவர்.

திருவிழாவிற்கென அவன் சேர்த்து வைத்திருந்த காசு அவ்வேட்டின் விலைக்குப் போதியதாயிற்று. கிழிபட இருந்த ஏடு பிழைத்தது.

மறுநாள் அவன் அதனைத் தன் வரலாற்று ஆசிரியரிடம் கொண்டு சென்றான். அவர் இளமை முதலே அஞ்சல் தலைகளில் ஈடுபாடு உடையவர். ஏட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஐயா, இவையெல்லாம் மிகப் பழையன அல்லவா? ஆதலால் மிக்க விலை பெறும் அல்லவா?" என்று மாணவன் ஆவலோடு வினவினான்.

"பழைமை வேறு; அருமை வேறு" என்று கூறி ஆசிரியர் புன்னகை புரிந்தார். பின்னர் அவர் அஞ்சல் தலையின் வரலாற்றை எடுத்துரைக்கலானார்.

1840-ஆம் ஆண்டிற்கு முன் இங்கிலாந்தில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுவோரே அதற்குரிய கூலியைக் கொடுத்து வந்தனர். தொலைவு மிகுந்தாலும் தாள்களின் எண்ணிக்கை மிகுந்தாலும் கூலியும் மிகும். ஏழை மக்கள் தமக்கு வந்த கடிதத்தைப் பெறமாட்டாது திருப்பிவிடுதலும் உண்டு. இக்குறையைக் கண்ட ரோலந்து ஹில் என்னும் அறிஞர், அனுப்புவோரே முன்கூட்டிக் கூலி செலுத்துதல் வேண்டும் என்றும், நாட்டின் எப்பகுதிக்கும் ஒரே கூலி போதும் என்றும் 1837-ஆம் ஆண்டில் எழுதினார். அதன் பயனாக 1840-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் முதல் உலகின் முதல் அஞ்சல் தலை வழக்கிற்கு வந்தது. விக்டோரியா அரசியாரின் தலை பொறித்த அக்கரிய தலையின் விலை ஒரு பென்னி. அரை அவுன்சுக்கு மேற்படாத கடிதம் அதனைத் தாங்கி நாடெங்கும் சென்றது. அதன் ஓரங்களில் துளைகள் இல்லை. கத்தரியால் வெட்டியே பிரித்தனர்.

"உலகின் முதல் தலையாயினும் அஃது ஒப்பற்ற விலை பெறுவதன்று. ஏனெனில், அது 6 கோடியே 80 இலட்சத்திற்கு மேல் அச்சிடப்பட்டது. பின்னர் வந்த வேறு சில தலைகள் அதனினும் பன்மடங்கு அரியன. இந்தியாவிலும் 1852-ஆம் ஆண்டில் சிந்து மாகாணத்திற்கென அரையணாத் தலை ஒன்று வட்ட வடிவில் வெளிவந்தது. 1854-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான தலைகள் வந்ததும் அது நிறுத்தப்பட்டது. குறைந்த காலமே வழங்கியமையால் அது கிடைத்தற்கரியதாயிற்று" என்றார் ஆசிரியர்.

பழைய தொகுப்பேடுகள் மலிவாகக் கிடைப்பதன் காரணமும் இதனால் விளங்கும். அவற்றுட் பல, சிறுவர்கள் தம் கைக்கு எட்டியவற்றை ஒட்டி வைத்தவை. கோடிக்கணக்கில் அச்சிடப்பட்ட தலைகளே அவற்றில் நிறைந்திருக்கும். கிழிசலும் கறையும் உடையனவும் இருக்கும். வணிகர் அவற்றை விரும்பி வாங்கார். தொகுத்தவர் மறைந்தபின் வீட்டாரும் அவற்றின் பொருளறியாது ஒதுக்குவர். ஆயினும் வணிகர்க்கு ஆகாத ஏடு, கற்பார்க்கு ஆகாததன்று.

மாணவனும் ஆசிரியரும் ஏட்டைப் புரட்டினர். ஒரு பக்கத்தில் 'ஹெல்வெட்டியா' என்னும் பெயர் தாங்கிய தலைகள் இருந்தன. அஃது எந்நாடு என மாணவன் உலகப் படத்தில் தேடிச் சலித்தான். அது சுவிட்சர்லாந்தின் பழைய இலத்தீன் பெயர். 'மக்யார்' என்பது அங்கேரியையும், 'சுவோமி' என்பது பின்லாந்தையும் குறிக்கும். மற்றொரு பக்கத்தில் நாட்டின் பெயரே இல்லாத தலைகள் காணப்பட்டன. அவை இங்கிலாந்துக்குரியன. அஞ்சல் தலையை முதலில் வெளியிட்ட நாடாதலின், ஆள்வோரின் உருவமே அதற்கு அடையாளமாயிற்று.

அடுத்த பக்கம் மாணவனை வியப்பில் ஆழ்த்தியது. அதில் செருமானிய நாட்டின் தலை ஒன்று இருந்தது. முதலில் அதன் விலை 200 மார்க்கு என அச்சிடப்பட்டிருந்தது. அதன்மேல் கரிய எழுத்தில் 20 இலட்சம் மார்க்கு என மீண்டும் அச்சிட்டிருந்தனர். பக்கத்திலிருந்த வேறொரு தலையின் விலை 5000 கோடி மார்க்கு!

"இஃது அச்சுப் பிழையா, ஐயா?"

"அன்று. இது 1923-ஆம் ஆண்டின் துயரம். முதல் உலகப் போருக்குப் பின் செருமனியில் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்தது. புதிய தலைகளை அச்சிட்டு முடிப்பதற்குள் கூலி உயர்ந்துவிடும். அதனால் பழைய தலைகளின்மேலேயே புதிய விலையைப் பொறித்தனர். மக்கள் வாழ்நாளெல்லாம் சேமித்த செல்வம் ஒரு கடிதத்தின் கூலிக்கும் போதாதாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் புதிய நாணயம் வந்தபோது, ஓர் இலட்சம் கோடி பழைய மார்க்கு ஒரு புதிய மார்க்குக்கு ஈடாயிற்று. இத்தலைகள் மிகுதியாக எஞ்சிவிட்டமையால், பயன்படாத தலை இன்றும் மிக மலிவு. ஆனால் அக்காலத்தில் உண்மையாகவே கடிதத்தில் ஒட்டி முத்திரையிடப்பட்டது அதனினும் விலை மிக்கது. அதனால் பொய் முத்திரை குத்தி விற்றாரும் உளர்" என்றார் ஆசிரியர்.

வரலாற்று நூலில் ஒரு வரியாகப் படித்த செய்தி, விரல் நுனியளவே ஆன தாளில் உயிர்பெற்று நிற்பதை மாணவன் உணர்ந்தான்.

அதன்பின் வந்தவை அவன் பிறந்த மண்ணுக்கே உரியவை. சங்கு பொறித்த திருவிதாங்கூர்த் தலைகள் அவை. திருவிதாங்கூர் அரசு தனக்கெனத் தனி அஞ்சல் துறையை நடத்தி வந்தது. அதன் பெயரே 'அஞ்சல்' என்பதாம். 1888-ஆம் ஆண்டில் அது தன் முதல் தலைகளை வெளியிட்டது. அவற்றின் விலை அணாவில் அன்று, சக்கரத்தில் குறிக்கப்பட்டது. பதினாறு காசு ஒரு சக்கரம். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1951-ஆம் ஆண்டில் அத்துறை இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. 1956-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சங்குத் தலை ஒன்றை ஆசிரியர் இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்திற்கு நேரே பிடித்தார். தாளின் உள்ளேயும் ஒரு சங்கு நிழலெனத் தோன்றியது. போலிகளைத் தடுப்பதற்காகத் தாள் செய்யும்போதே அமைத்த நீர்க்குறி அது.

தலைகளைக் கையாளும் முறையையும் அவர் கற்பித்தார். விரலின் வியர்வை தலையைக் கெடுக்குமாதலின் இடுக்கியையே பயன்படுத்துதல் வேண்டும். ஓரத்திலுள்ள துளைகளை இரண்டு சென்டிமீட்டர் அளவிற்கு எத்தனை என எண்ணினால், ஒன்றுபோல் தோன்றும் இரு தலைகளின் வேறுபாடு வெளிப்படும். எல்லாத் தலைகளையும் நீரில் இடுதல் கூடாது. சிலவற்றின் மை கரைந்துவிடும். பழைய கடித உறையிலுள்ள தலையை வெட்டியெடுத்தலும் பெரும் பிழையாம். எவ்வூரிலிருந்து எந்நாளில் எவ்வூர்க்குச் சென்றது என்பதை உறையும் முத்திரையுமே சொல்லும். பிரித்த தலை ஊமையாகிவிடும்.

பின்னர் அவர் ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறினார். தென்னமெரிக்காவிலுள்ள பிரித்தானியக் கயானாவில் 1856-ஆம் ஆண்டில் அஞ்சல் தலைகள் தீர்ந்துவிட்டன. இலண்டனிலிருந்து வரவேண்டியவை காலத்தில் வரவில்லை. ஆதலால் உள்ளூர் அச்சகத்திலேயே கப்பற்படத்தோடு சில தலைகளை அச்சிட்டனர். போலிகளைத் தடுக்க அஞ்சல் அலுவலர் ஒவ்வொன்றிலும் தம் பெயரின் முதலெழுத்துகளை எழுதினர். 1873-ஆம் ஆண்டில் வெர்னன் வான் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் குடும்பத்தாரின் பழைய தாள்களிடையே அவ்வகை ஒரு சென்டுத் தலை ஒன்றைக் கண்டான். அது மூலைகள் வெட்டப்பட்டு, அழகிழந்து காணப்பட்டது. இதனினும் நல்லது வேறொன்று கிடைக்கும் என எண்ணி, அதனை அவ்வூர்த் தொகுப்பாளர் ஒருவருக்கு ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். வேறொன்று அவனுக்குக் கிடைக்கவேயில்லை. உலகில் அவ்வகையில் உறுதிசெய்யப்பட்டது அவ்வொன்றே. 2014-ஆம் ஆண்டில் அஃது ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்கும், 2021-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 83 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயிற்று.

"அந்தோ! அச்சிறுவன் ஏமாந்தானே!" என்று மாணவன் வருந்தினான்.

"ஏமாற்றப்படவில்லை. வாங்கியவரும் அதன் அருமையை அன்று முழுதும் அறிந்திலர். ஒருவர் அறிந்தே மறைத்து, அறியாதவரிடம் கொள்வாராயின், அதுவே ஏமாற்றுதலாகும். பழம்பொருள் வாங்குவோன் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது" என்றார் ஆசிரியர்.

அச்சொல் அன்று இரவே மாணவனைச் சோதித்தது. வீட்டில் ஏட்டின் கடைசிப் பக்கங்களை அவன் புரட்டியபோது, ஒரு முழு உறையே பக்கத்தில் செருகப்பட்டிருந்தது. அதில் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியான காந்தியடிகள் தலை, பழுப்பு நிறத்தில், ஒன்றரை அணா விலையில் ஒட்டப்பட்டிருந்தது. 'பாபு' என்னும் சொல் இந்தியிலும் உருதுவிலும் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. மதுரை முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. ஏட்டிலேயே மிகச் சிறந்த பொருள் அதுதான் என அவன் உணர்ந்தான். உறைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. மதுரையில் பணிபுரிந்த தந்தை ஒருவர், நாகர்கோவிலில் பயிலும் தம் மகனுக்கு எழுதியது அது. புதிய தலை வந்த செய்தி கேட்டு, மகனின் ஏட்டிற்கென்றே அதனை வாங்கி ஒட்டியிருப்பதாக அவர் எழுதியிருந்தார். மகனோ, தந்தை கையால் ஒட்டியதைப் பிரிக்க மனமின்றி உறையோடே வைத்துவிட்டான் போலும்! உறையின் கீழ், "அப்பா அனுப்பியது" என்னும் இரு சொற்கள் சிறுவனின் கையெழுத்தில் காணப்பட்டன.

ஏடு விலைக்கு வந்தது. அதிலுள்ளதும் விலைக்கு வந்ததே. ஆயினும் விற்றவர் இக்கடிதம் இருப்பதை அறிவாரோ? மாணவன் நெடுநேரம் உறங்கவில்லை.

மறுநாள் கடைக்காரரிடம் வழி கேட்டு, வடக்குத் தெருவிலுள்ள அவ்வீட்டை அடைந்தான். எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். "பாட்டி, எடைக்குப் போட்ட ஏட்டில் இஃது இருந்தது" என்று அவன் உறையை நீட்டினான். மூதாட்டியார் கடிதத்தை விரித்தார். எழுத்தைக் கண்டதும் அவர் கைகள் நடுங்கின.

"இது என் அப்பா எழுத்து. அந்த ஏடு என் அண்ணனுடையது. அவரும் போய்ப் பல ஆண்டு ஆகிவிட்டன. இது இருந்ததே எங்களுக்குத் தெரியாது, ஐயா" என்று கூறி, அக்கடிதத்தைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டார்.

உறை அங்கேயே தங்கிவிட்டது. மாணவன் வெறுங்கையோடு திரும்பினான். ஆனால் அவன் மனம் நிறைந்திருந்தது. சில மாதங்கள் கழித்து அதே காந்தியடிகள் தலை வேறொரு பழைய தொகுப்பில் அவனுக்கு மலிவாகக் கிடைத்தது. அதனை அவன் மற்றொரு பக்கத்திலேயே ஒட்டினான். "அப்பா அனுப்பியது" என்னும் இரு சொற்களுக்கு மேலுள்ள இடத்தை வெறுமையாகவே விட்டுவைத்தான்.