சிக்கனமும் கஞ்சத்தனமும்



வியாபாரம் மந்தமானால் நம்மில் பலர் முதலில் கை வைப்பது கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில். கடைசியாகக் கை வைப்பது வீட்டு ஆடம்பரத்தில். இது தலைகீழான கணக்கு.

1997-ஆம் ஆண்டின் நடுவில் மலேசியாவில் ஓர் அமெரிக்க டாலரின் விலை ஏறக்குறைய இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் அது நாலரை வெள்ளியையும் தாண்டியது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் அரசாங்கம் அதை 3.80 வெள்ளி என்று நிலைநிறுத்தியது. டாலர்க் கடனில் சரக்கு எடுத்திருந்தவருக்குச் சரக்கு கூடவில்லை. கடன் மட்டுமே கூடியது.

திருக்குர்ஆனின் அல்-ஃபுர்கான் அத்தியாயம், 67-ஆம் வசனம், வீண் விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுவழியைக் கற்பிக்கிறது. அவ்வழியில் செய்யத்தக்கவை இவை: வீட்டுச் செலவுக்குக் கல்லாப்பெட்டியில் கை விடாதீர்கள், மாதம் ஒரு தொகையென வரையறுத்து, பேரேட்டில் பற்றெழுதி எடுங்கள். கைமுதலுக்கு மிஞ்சிச் சரக்கு ஏற்றாதீர்கள். கலியாண விருந்தைச் சுருக்குங்கள்.

ஆனால் சிப்பந்தியின் கூலி, வாங்கிய கடன், நாற்பதில் ஒரு பங்கான ஜகாத் ஆகிய மூன்றும் பிறருடைய உரிமை. அவற்றில் குறைப்பது சிக்கனமாகாது. நம் வீட்டுத் தட்டில் ஒரு கறி குறையட்டும். நம்மை நம்பியவர் தட்டில் சோறு குறைய வேண்டாம்.