பவரி தெருவில் ஒரு நீளமான அறை

அன்புள்ள இனியன்,

சனிக்கிழமை ஒரே ராத்திரியில் மூன்று ராக் குழுக்கள் வாசிப்பதைக் கேட்கப் போகிறாயாம். அரங்கம் சின்னது என்று அலுத்துக்கொண்டாய் என்றும் உன் அம்மா சொன்னாள். அப்படியானால் நியூயார்க்கில் இருந்த ஒரு சின்ன அரங்கத்தின் கதையைக் கேட்டுவிட்டுப் போ.

பவரி தெரு, எண் 315. மேலே, போக்கிடம் இல்லாதவர்கள் ராத்தங்கும் மலிவு விடுதி. கீழே ஹில்லி கிறிஸ்டல் என்பவரின் மதுக்கடை. 1973 டிசம்பரில் அதற்கு சிபிஜிபி என்று பெயர் மாற்றினார். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற இசை வகைகளின் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. அந்த இசைக்கு அங்கே பெரிதாகக் கூட்டம் சேரவில்லை. வேறு எங்கும் மேடை கிடைக்காத ராக் பையன்கள்தான் வந்து கதவைத் தட்டினார்கள்.

குறுகலாக நீண்ட அறை. ஒரு பக்கம் மதுமேசை, கோடியில் தாழ்வான மேடை. மேடைக்கு முன்னால் நிற்பவர் கையை நீட்டினால் கிடாரைத் தொட்டுவிடலாம். கிறிஸ்டலின் நாய் ஜொனதன் இஷ்டத்துக்குத் திரியும்; தரையில் பார்த்து நடக்காவிட்டால் செருப்பு பாழ். கழிப்பறையோ உலகப் பிரசித்தம். 2013இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இந்த அறையில் வளர்ந்த பங்க் இசையின் உடைகளுக்கு ஒரு கண்காட்சி நடத்தியபோது, அந்தக் கழிப்பறையை அப்படியே மாதிரி செய்து வைத்தது! ஆனால் பாடகர்கள் குறை சொல்லாத ஒன்று அங்கே இருந்தது: ஒலியமைப்பு. கிறிஸ்டல் காசைக் கொட்டிய இடம் அதுதான்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. குழுக்கள் சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். இதில் பெரிய கலைக்கொள்கை எதையும் தேட வேண்டாம். அடுத்தவர் பாட்டை வாசித்தால் கட்டவேண்டிய ராயல்டித் தொல்லை இல்லை என்பதும் ஒரு காரணம். வாசல் வசூல் குழுக்களுக்கு, மது விற்ற காசு கடைக்கு என்று பங்கு பிரித்தார்கள். கூட்டம் வராவிட்டால் குழுவுக்குப் பெட்ரோல் காசும் தேறாது.

கணக்குப் பார்த்துப் போட்ட அந்த நிபந்தனை செய்த வேலையைப் பார். ஊருக்குத் தெரிந்த பாட்டைப் பாடிக் கைதட்டல் வாங்கும் வழி அடைபட்டுப்போனது. அதனால் வந்தவர்கள் ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை. 1974 ஆகஸ்டில் முதன்முதலாக அங்கே ஏறிய ரமோன்ஸ் குழுவினர், இரண்டு நிமிடப் பாட்டுகளை மூச்சு விடாமல் அடுக்கினார்கள். நடுவே எந்தப் பாட்டு என்று மேடையிலேயே சண்டை வேறு. 1976இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம். அதே மேடையில் வளர்ந்த டெலிவிஷன் குழு, பத்து நிமிடம் ஓடும் ஒரே பாட்டில் இரண்டு கிடார்களையும் மாறி மாறிப் பேசவிட்டது. 1975இல் ரமோன்ஸுக்கு முன்னால் வாசிக்க மூன்று பேர் கொண்ட ஒரு புதுக் குழு ஏறியது. கலைக் கல்லூரியில் பழகியவர்கள். பார்க்க பேங்க் குமாஸ்தாக்கள் மாதிரி இருப்பார்கள். டாக்கிங் ஹெட்ஸ் என்று பெயர்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் குழு தொடங்கும்போதே உள்ளே இரு. ஒன்பது மணிக்கு மேல் போனால் போதும் என்று சொல்லும் நண்பனை நம்பாதே.

முதல் குழுவின் பாடு தனிப் பாடு. சவுண்ட் செக் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். கடைசியில் வாசிக்கும் பெரிய குழு முதலில் சரிபார்க்கும், முதலில் வாசிப்பவர்கள் கடைசியில். அப்போதுதான் அவர்களுக்கு வைத்த மைக்கும் மிக்ஸர் அளவும் கலையாமல் நிற்கும். பெரியவர்கள் இழுத்தடித்தால் சின்னவர்களுக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. காலி அறையில் பார்த்த அளவு, ஆள் நிறைந்ததும் மாறிவிடும். உடம்புகளும் உடைகளும் கூர்மையான ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். முதல் பாட்டு முழுக்க மிக்ஸர்காரரின் கை ஓயாமல் நகர்வதைக் கவனி. பாடகர் தன் முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைக் காட்டிக் கட்டைவிரலை மேலே ஆட்டினால், தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று பொருள். கேட்டதைக் கொடுக்க ஏற்றும்போது ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து கீச்சென்று ஊளையிடும். பாடகர்மேல் தப்பில்லை, சிரித்துவிடாதே.

இரண்டு குழுக்களுக்கு நடுவே வெளியே ஓடாமல் மேடையைப் பார். ட்ரம்ஸ் செட் பெரும்பாலும் பொது. புது ட்ரம்மர் தன் ஸ்நேரையும் சிம்பல்களையும் மட்டும் மாற்றிக்கொண்டு, ஸ்டூலைத் தன் காலுக்கு ஏற்ப இறக்குவார். கிடார்காரர் குப்புறக் குனிந்து பெடல்களுக்கு வயர் சொருகுவார். அந்தக் கால்மணி நேரத்தில் எவன் பதறுகிறான், எவன் நிதானம் என்று தெரிந்துவிடும்.

வாடகைத் தகராறில் சிபிஜிபி 2006 அக்டோபர் 15இல் மூடியது. கடைசி ராத்திரி பாடியவர், அதே மேடையில் வளர்ந்த பாடகி பட்டி ஸ்மித். பிறகு அந்த இடத்தில் ஆடம்பரத் துணிக்கடை வந்தது.

முக்கியமானது ஒன்று பாக்கி. சின்ன அறையில் ட்ரம்ஸும் ஆம்பும் சேர்ந்தால் 100 டெசிபல் சர்வசாதாரணம். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடங்களுக்கு வகுத்த அளவுப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 என்றால் 15 நிமிடம்தான். வெறும் பஞ்சு உதவாது. மருந்துக்கடையில் நுரை அடைப்பான் கிடைக்கும். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகு, விரியும்வரை விரலை எடுக்காதே. ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காமல் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடி; அங்கே நின்று கேட்டுத்தான் மிக்ஸர்காரர் அளவு வைக்கிறார்.

அன்புடன்,
மாமா