கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவர்

திரைப்படம் முடிந்து வெளியே வருவோரிடம் கதாநாயகன் யார் என்று கேட்டால் உடனே பதில் வரும். அவனுக்குத் தந்தையாகவோ மாமாவாகவோ சமையற்காரராகவோ வந்தவரின் பெயரைக் கேட்டால் சற்றுத் தயங்குவர். முகம் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். மாக் மண்டினிலும் கிள்ளானிலும் குடும்பத்தோடு அமர்ந்து தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படிப் பழகிப்போன முகங்களுள் ஒன்று குணச்சித்திர நடிகர் டெல்லி கணேஷுடையது.

இவருடைய இயற்பெயர் கணேசன். 1944ஆம் ஆண்டு நெல்லைச் சீமையைச் சேர்ந்த வல்லநாட்டில் பிறந்தார். 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் பணியாற்றினார். தலைநகர் டெல்லியில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துத் தேறியவர், பின்னர்ச் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவின் நாடகங்களில் நடித்தார். விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை இயக்குநர் கே. பாலசந்தர் 1977இல் திரைப்படமாக்கியபோது, கணேசனுக்கு அதில் ஒரு வேடம் கிடைத்தது. ‘டெல்லி கணேஷ்’ என்று பெயர் சூட்டியவரும் பாலசந்தர்தான். தென்கோடியில் பிறந்தவருக்கு வடநாட்டு நகரம் ஒன்று அடைமொழியாக அமைந்தது வேடிக்கைதான்.

மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேச வேண்டும். கேமராவோ முகத்தருகே வந்து நிற்கும். அதன் முன்னே கண்ணிமை சற்று உயர்ந்தாலும் அதற்குப் பொருள் உண்டு. நாடகத்திலிருந்து வந்த பலர் இந்த வேறுபாட்டில் தடுமாறினர். டெல்லி கணேஷ் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டார். வசனத்தைத் தெளிவாகச் சொல்லும் மேடைப்பழக்கத்தை மட்டும் விடவில்லை.

அவருடைய பெரிய பலம் பேச்சுவழக்கு. துரை இயக்கிய ‘பசி’ (1979) படத்தில் சென்னைக் குடிசைப்பகுதியில் ரிக்சா இழுக்கும் தந்தையாக நடித்தார். அந்நடிப்பிற்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) படத்திலோ பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் மணி ஐயர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியில் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். ரிக்சாக்காரரும் மணி ஐயரும் ஒரே மனிதர் என்பதைக் காதால் மட்டும் கேட்டுக் கண்டுபிடிப்பது கடினம்.

‘சிந்து பைரவி’யில் (1985) அவர் மிருதங்கக் கலைஞர். குடிப்பழக்கத்தால் கச்சேரி மேடையையே இழக்கிறார். அவரை விலக்கும் பாடகர் ஜே.கே.பி.யோ பிற்பாதியில் தாமே குடிக்கு அடிமையாகிறார். முன்பாதியில் அந்த மிருதங்கக்காரரின் அவமானம் நம் மனத்தில் படிந்தால்தான் பாடகரின் வீழ்ச்சி உறைக்கும். டெல்லி கணேஷ் அவரை வெறும் சிரிப்புக்குரிய குடிகாரராகக் காட்டியிருந்தால் கதையின் ஒரு தூணே சாய்ந்திருக்கும். கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவரின் வேலை இத்தகையது.

‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் நான்கு வில்லன்களுள் ஒருவர். ‘நாயக’னில் (1987) வேலு நாயக்கரின் நம்பிக்கைக்குரிய ஐயர். ‘எங்கம்மா மகாராணி’ என்ற படத்தில் கதாநாயகனாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால், அவர் நிலைத்தது குணச்சித்திர வேடங்களில்தான். நடித்த படங்கள் 400ஐத் தாண்டும்.

வயது ஏறியபின் தொலைக்காட்சித் தொடர்களில் குடும்பத்துப் பெரியவராக வந்தார். புதிதாகப் படமெடுக்கப் பழகும் இளைஞர்களின் குறும்படங்களையும் சிறியவை என்று ஒதுக்கவில்லை. பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்த நகைச்சுவைக் காணொளி ஒன்றில், அந்த வீரரின் பணியாளர் ஆல்ஃபிரெடாக நடித்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ‘பசி’யை அறியாத தலைமுறை அவரை அந்த வேடத்தில் கண்டு சிரித்தது.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தம் எண்பதாம் வயதில், சென்னையில் டெல்லி கணேஷ் காலமானார். அஞ்சலி செலுத்த வந்தவர்களில் திரையுலகினரோடு விமானப்படையினரும் இருந்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு பணியை விட்டு வந்த அந்த மனிதரின் உடல்மீது அவர்கள் தங்கள் படையின் கொடியைப் போர்த்தினர்.