டைலெமா: ஒரு சொல்லும் இரு கொம்புகளும்

வளாகத்தில் நாம் அடிக்கடி கேட்கும் ஆங்கிலச் சொற்களுள் 'டைலெமா'வும் ஒன்று. நாசி லெமாக்கா, மீ கோரெங்கா என்று தடுமாறுபவரும் 'டைலெமாவா இருக்கு' என்கிறார். நோயுற்ற தந்தைக்கும் தம் படிப்புக்கும் இடையில் தவிப்பவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். இருவர் நிலையும் ஒன்றாகுமா? இச்சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் சற்று ஆராய்வோம்.

சொல்லின் பிறப்பு

இது கிரேக்கச் சொல். 'டி' என்றால் இரண்டு. 'லெம்மா' என்றால் வாதத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கூற்று. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தபோது, இது சொற்போர்க் கலையின் கலைச்சொல்லாகவே இருந்தது. எதிராளிக்கு இரண்டே வழிகளை விட்டுவைத்து, எதை ஏற்றாலும் அவர் தோற்கும்படி அமைக்கும் வாதத்திற்கே டைலெமா என்று பெயர். பிற்காலத்தில்தான் அது வாழ்க்கைச் சூழலையும் குறிக்கலாயிற்று.

அரிஸ்டாட்டில் தமது சொற்கலை நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். மேடையேறாதே என்று ஒரு தாய் மகனைத் தடுக்கிறாள். நீதியைப் பேசினால் மனிதர் வெறுப்பர், அநீதியைப் பேசினால் தெய்வங்கள் வெறுக்கும் என்பது அவள் வாதம். இவ்விரண்டையும் இரு கொம்புகள் என்பர். ஒன்றுக்குத் தப்பினால் மற்றொன்று குத்தும்.

எழுத்திலும் ஒலிப்பிலும் கவனிக்க வேண்டியவை இரண்டு. 'டிலெமா', 'டைலெமா' என இருவகை ஒலிப்பும் சரியே. ஆனால், எழுதும்போது இரண்டு 'எம்' வரவேண்டும். இரண்டாவது 'எம்'முக்குப் பதிலாக 'என்' எழுதுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

தமிழில் நிகர் எது?

'இருதலைக் கொள்ளி எறும்பு' என்பதே மிகப் பொருத்தமான தொடர். இரு முனையும் எரியும் குச்சியின் நடுவில் எறும்பு. எப்பக்கம் போனாலும் நெருப்பு. அகநானூற்றின் 339ஆம் பாடலிலும் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்திலும் இக்கொள்ளி உவமை வருகிறது.

நற்றிணையின் 284ஆம் பாடல் வேறொரு படம் காட்டுகிறது. பொருள் தேடச் சென்ற தலைவனை, காதலியிடம் திரும்பு என்று நெஞ்சு இழுக்கிறது; எடுத்த வினையை முடி என்று அறிவு இழுக்கிறது. இரு யானைகள் இருபுறமும் இழுக்கும் பழைய கயிறுபோல் தன் உடல் அழிந்துவிடுமோ என்கிறான் அவன். இந்த உவமையாலேயே அப்புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயர் அமைந்தது. எறும்புக்கு இருபுறமும் தீமை. தலைவனுக்கோ இருபுறமும் நன்மை. கடினமான தேர்வு இவ்விரு வகையிலும் வரலாம் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

'தர்மசங்கடம்' என்பதும் நெருங்கிய சொல்லே. வடமொழியில் 'சங்கட' என்பதற்கு இடுக்கு, நெருக்கடி என்று பொருள். இரு கடமைகளுக்கு இடையில் நெருக்கப்படுவதே தர்மசங்கடம். இன்றோ, கடன் கேட்கும் நண்பரிடம் மறுக்கக் கூச்சப்படுவதைக்கூட அப்படிச் சொல்கிறோம். 'மதில்மேல் பூனை'யும் 'திரிசங்கு சொர்க்க'மும் நிகராகா. முன்னது எப்பக்கம் பாயும் எனத் தெரியாத நிலை. பின்னது அங்குமின்றி இங்குமின்றித் தொங்கும் நிலை.

மலாய் மொழியில் 'டித்தெலான் மாத்தி எமாக், டிலுவா மாத்தி பாப்பா' என்ற பழமொழி உண்டு. விழுங்கினால் தாய் இறப்பாள், துப்பினால் தந்தை இறப்பார் என்பது அதன் பொருள். இதைவிடத் தெளிவாக இச்சொல்லை விளக்க முடியுமா?

பிரச்சனை வேறு, டைலெமா வேறு

பிரச்சனைக்குத் தீர்வு தேட வேண்டும். டைலெமாவில் தேர்வு செய்ய வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஓர் இழப்பு உண்டு. இந்த வேறுபாடு வெறும் அகராதி விவகாரமன்று. தீர்வுள்ள ஒன்றை டைலெமா என்று பெயரிட்டுவிட்டால், தீர்வைத் தேடுவதையே நிறுத்திவிடுவோம்.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்கள் மட்டுமே எடுக்கலாம் என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்க விரும்பிய அறிவியல் பிரிவு மாணவர்கள் முன் இரு கொம்புகள் நின்றன: தமிழை விடுவதா, வேறு பாடத்தை விடுவதா? பலர் இதற்குள்ளேயே விடை தேடினர். சமூகமோ, 10 என்ற எண்ணையே கேள்விக்குள்ளாக்கிக் குரல் எழுப்பியது. அவ்வாண்டு இறுதியில் உச்சவரம்பு 12 ஆனது. தருக்கவியலில் இதனைக் கொம்புகளுக்கு இடையே புகுந்து தப்புதல் என்பர்.

தமிழ்ப்பள்ளியா, நல்ல எதிர்காலமா? தமிழா, ஆங்கிலமா? இவையும் இவ்வாறு பிறர் நட்டுவைத்த கொம்புகளே. ஒன்றைப் பெற மற்றொன்றை இழந்தே ஆகவேண்டும் என்பதை யார் நிறுவினார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் 'டைலெமா' என்று பெருமூச்சு விடுவது, வாதிடாமலேயே தோல்வியை ஒப்புக்கொள்வதாகும்.

உண்மையான டைலெமாவும் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தூரத்து ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கிறது. தந்தைக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அழைத்துச் செல்ல வேறு ஆளில்லை. சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா, அருகிலுள்ள பல்கலைக்கழகத்திற்கு மாற முடியுமா, உறவினர் உதவுவரா என எல்லாம் கேட்டாயிற்று, எதற்கும் வழியில்லை. அப்போதுதான் இச்சொல் பொருந்தும். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் அவருக்கு உதவாது. எதை இழக்கிறார் என்பதை நாமும் அறிந்து, அவர் எடுக்கும் முடிவைக் குறை கூறாமல் உடன் நிற்பதே உதவி.

ஆகவே, இனி இச்சொல் நாவில் வரும்போது நம்மை நாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வோம். உண்மையிலேயே வழிகள் இரண்டுதானா? அப்படியானால், எந்த இழப்பை என்னால் பொறுப்புடன் சுமக்க முடியும்? முதற்கேள்விக்கு 'இல்லை' என்ற விடை கிடைத்தால் மகிழ்ச்சியே. மூன்றாம் வழியைத் தேடிப் புறப்படலாம்.