பேசும் கணக்கேடு

மாலை வேளையில் வைகைக் கரையூர்களில், திண்ணையிலோ மரத்தடியிலோ மகளிர் சிலர் வட்டமாக அமர்ந்திருத்தலைக் காணலாம். அவர்கள் சுய உதவிக் குழுவினர். 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் அரசின் முயற்சியால் தொடங்கிய இத்திட்டம், பின்னர் மதுரை முதலிய மாவட்டங்களுக்கும் பரவிற்று. ஒவ்வொருவரும் சிறு தொகை சேமிப்பர். சேர்ந்த பணத்திலிருந்து வேண்டியவர்க்குக் கடன் வழங்குவர். கணக்கில் ஓர் இலக்கம் பிழைபடின், கட்டிய தவணையைக் கட்டவில்லை என்னும் பழி ஓர் ஏழைப் பெண்ணின்மீது விழும்.

இத்தகைய குழுக்களின் கணக்கிற்கு ஏற்ற கணிப்பொறி நிரலை அமைக்கத் தபன் பாரிக் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் முற்பட்டனர். நிரல் என்பது கணிப்பொறி ஆற்ற வேண்டிய பணிகளை முறைப்பட எழுதிவைப்பதாகும். அதனை அறைக்குள் அமர்ந்தே முழுதும் முடித்துக் கொணர்தல் ஒரு வழி. பின்னர்க் குறை தென்படின், கட்டிய வீட்டின் கடைக்காலையே பெயர்க்க நேரும். இவர்களோ முன்மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, அரைகுறையாக இருக்கும்போதே சிற்றூர்ப் பெண்களிடம் காட்டினர். சட்டையை முற்றத் தைக்குமுன் அணிவித்துப் பார்க்கும் தையற்காரர் செய்வதும் இதுவேயன்றோ?

எழுத்தறியாதவர்க்குப் படங்களே போதும் என எண்ணத் தோன்றும். ஆனால், எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாதவருள்ளும் எண்களை அறிந்தவர் உண்டு என்பது இவ்வாய்வில் புலனாயிற்று. 2003ஆம் ஆண்டில் அவர்கள் அதனை வெளியிட்டனர். நாள்தோறும் சந்தையில் காசெண்ணுபவர்க்கும், எண் பார்த்துப் பேருந்தில் ஏறுபவர்க்கும் எண் தெரியாமலா போகும்? கற்றவர்க்கு இது எளிதில் தோன்றுவதில்லை.

அடுத்து அவர்கள் கைப்பேசியை நாடினர். ஆயினும் காகிதத்தை ஒழிக்கவில்லை; யாவரும் கண்டு கைந்நாட்டு இடுவதற்கு அதுவே உரியது. படிவத்தில் சிறு குறிகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியின் ஒளிப்படக் கருவி அக்குறியைப் படித்ததும், எழுத வேண்டியது இன்னதென்று கைப்பேசி குரலால் உணர்த்தும். பணியாளர் உரிய எண்ணை அழுத்துவார். 2006ஆம் ஆண்டில் வெளியான சோதனை முடிவின்படி, சிற்றூர் மக்கள் இதனை விரைவில் கற்றனர்; பிழையின்மையிலும் வேகத்திலும் இக்கருவி மேசைக் கணிப்பொறிக்கு ஈடுகொடுத்தது. குரலும் எண் விசைகளுமே அவர்களுக்குப் பெரிதும் பிடித்திருந்தன. அப்பொழுது 400 குழுக்களிடையே இம்முறை வெள்ளோட்டம் விடப்பட்டிருந்தது.