இரிடியம் பிளக்கும் இல்லாத குதிரைத்திறனும்

பழைய மாருதி ஜிப்சி ஒன்றை யாராவது வாங்கிவிட்டால் போதும், ஆர்.சி. புத்தகம் பெயர் மாறுவதற்குள் நாலு பேர் வந்து ஓதிவிடுவார்கள்: "அண்ணே, மொதல்ல இரிடியம் பிளக் போடுங்க. புல்லிங் பிச்சுக்கும், மைலேஜும் ஏறும்." இவரும் சாதாரண பிளக்கைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து நாலு வாங்கி மாட்டுவார். ஊட்டி மலை ஏறும்போது வண்டி மறுபடியும் மிஸ்ஸிங் அடிக்கும். உடனே, "டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று கடைக்காரருக்கு அர்ச்சனை. டூப்ளிகேட் பிளக் சந்தையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அசல் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஜிப்சி கிங் எஞ்சின் 1298 சிசி, நாலு சிலிண்டர். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கும்போது ஒரு சிலிண்டரில் ஒரு தடவை எரிகிற பெட்ரோல் தரும் வெப்பம் ஏறத்தாழ 1000 ஜூல். அதைப் பற்றவைக்கும் பொறியில் இருப்பது 0.1 ஜூல்கூட இல்லை. அந்தப் பொறிக்கான சக்தியும் பிளக்குடையது அல்ல. இக்னிஷன் காயில் கொடுப்பது. பொறி தாண்டுவதற்கு ஓர் இடைவெளி வைத்துக்கொடுப்பது மட்டுமே பிளக்கின் வேலை. அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்தாலும் லைட்டரால் பற்றவைத்தாலும் சோறு ஒரே நேரத்தில்தான் வேகும். நல்ல நிலையில் இருக்கும் நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியம் போட்டதால் மட்டும் இந்த எஞ்சினுக்குப் புதிதாகக் குதிரைத்திறன் வந்துவிடாது.

"போட்டதும் வித்தியாசம் தெரிஞ்சுதே!" என்பார்கள். தெரியத்தான் செய்யும். கழற்றிய பழைய பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடு முனையின் ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும். கார்பரேட்டர் ஜிப்சியில் 0.7–0.8 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளியில், ஃபீலர் கேஜின் 1 மி.மீ. தகடு சர்வசாதாரணமாக நுழையும். அந்த அகலத்தைத் தாண்டக் காயில் கூடுதல் வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். வயதான காயிலும் வெடிப்பு விட்ட பிளக் ஒயரும் அதைத் தாங்காமல் எங்காவது கசியவிடும். அந்த இடத்தில் புது நிக்கல் பிளக் போட்டிருந்தாலும் வண்டி இப்படியேதான் துள்ளியிருக்கும். புதுசையும் பழசையும் ஒப்பிட்டுவிட்டு, இரிடியத்தையும் நிக்கலையும் ஒப்பிட்டதாகச் சொல்லித் திரிகிறார்கள். போதாததற்கு அன்றைக்கே ஏர் ஃபில்டரையும் மாற்றியிருப்பார்கள். பாராட்டு மட்டும் இரிடியத்துக்கு.

இரிடியம் எதற்கு, அப்படியென்றால்? நீடித்து உழைக்க. நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் 2446 டிகிரி வரை தாங்கும். அதனால் நிக்கலில் 2.5 மி.மீ. தடிமனாக இருக்கும் நடு முனையை இரிடியத்தில் 0.6 அல்லது 0.4 மி.மீ. கம்பியாகச் செய்ய முடிகிறது. பொறி குறைந்த வோல்டேஜில் தாண்டுகிறது, தேய்மானமும் மெதுவாக நடக்கிறது. பிளக்கைத் தொடுவதற்கே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய சில வி6 வண்டிகளில் அதைப் போடுவது புத்திசாலித்தனம். பானெட்டைத் திறந்து அரை மணியில் நாலு பிளக்கையும் மாற்றிவிடக்கூடிய ஜிப்சிக்கு அந்தச் செலவு எதற்கு?

மலையில் மிஸ்ஸிங் அடித்ததற்கு வருகிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. ஜெட்டின் துளை மேட்டுப்பாளையத்தில் எந்த அளவோ ஊட்டியிலும் அதே அளவு. காற்று இளைக்க இளைக்கக் கலவையில் பெட்ரோல் மிஞ்சுகிறது, எரியாதது கரியாகப் பிளக்கின் பீங்கானில் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி இடைவெளியைத் தாண்டுவதற்கு முன்பே கரி வழியாக பாடிக்கு இறங்கிவிடும். இரிடியம் முனை என்பதற்காகக் கரி விலகிப் போகாது. 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ ஜிப்சியில் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்பரேட்டர் வண்டிக்காரர் முதலில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சோக்கை உள்ளே தள்ளிய பிறகு உள்ளிருக்கும் சோக் தகடு முழுக்கத் திறந்து செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கட்டும். கேபிள் இறுகித் தகடு பாதியில் நிற்கிற வண்டிகள் ஏராளம். மலையிலேயே குடியிருப்பவர் மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாக மாற்றலாம். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு இரிடியம் பிளக் விலைகூட வராது.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தர முடியாது. "ஹாட் பிளக்" சூடான பொறி தரும் என்பது உளறல். பிளக்கின் முனை வெப்பத்தை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால் கரி தானே எரிந்துபோகும். 950-ஐத் தொட்டால் பொறி வருமுன்பே கலவை பற்றி பிஸ்டனில் ஓட்டை விழும். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்க: என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், போஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான பிளக். மூன்று நான்கு கால் வைத்த பிளக்கில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பொறி வராது. ஒரு தடவைக்கு ஒரு கால்தான். ரெசிஸ்டர் பிளக் பொறியைக் கெடுக்காது. அது இல்லாவிட்டால் ரேடியோ இரையும், எம்பிஎஃப்ஐ வண்டியில் ஈசியூ குழம்பும். உப்புத்தாளும் கம்பி பிரஷும் போட்டுப் பீங்கானைத் தேய்க்காதீர்கள், கோடுகளில் உலோகத்துகள் ஒட்டிப் புதுக் கசிவு தொடங்கும். டீசல் ஜீப்புக்கு ஸ்பார்க் பிளக் கேட்டு வருகிறவர்களிடம் நான் பேசுவதில்லை. அதில் இருப்பது குளோ பிளக்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு விஷயத்தில். எந்தப் பிளக் என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், அதை எப்படி முறுக்கினார்கள் என்று கேட்பதே இல்லை. ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. நீளமான டாமி கம்பி போட்டு, பல்லைக் கடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் மரை போய்விடும். பிறகு ஹெலிகாயில் செருகல், அதுவும் நிற்காவிட்டால் ஹெட்டைக் கழற்று. 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். நாலு சக்கர வண்டியைத் தொடும் எந்தப் பட்டறையிலும் டார்க் ரெஞ்ச் இருந்தாக வேண்டும். ஏசி வைத்த வரவேற்பறைக்குப் பணம் இருக்கிறது, இதற்கு இல்லையாம்! ரெஞ்ச் இல்லாத வீட்டில் இப்படிச் செய்யுங்கள்: எஞ்சின் ஆறிய பிறகு, குழியில் கிடக்கும் மண்ணை ஊதிவிட்டு, பிளக்கை ஒரு ரப்பர் குழாயில் செருகிக் கையாலேயே திருகுங்கள். மரை பிசகினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். வாஷர் உட்கார்ந்ததும் புதுப் பிளக்கானால் ஸ்பேனரால் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்றுக்குள். ஏற்கெனவே வாஷர் நசுங்கிய பழைய பிளக்கானால் லேசாக ஒரு அழுத்தம். மரையில் கிரீஸ் வேண்டாம், அது வழுக்கி அளவுக்கு மீறி இறுகவைக்கும்.

செகண்ட் ஹேண்ட் ஜிப்சி வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் நாலு பிளக்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாலும் ஒரே நிறமா, எதிலாவது எண்ணெய் ஈரமா, எந்த ஓட்டையிலாவது ஹெலிகாயில் சுருள் மின்னுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு விலை பேசலாம்.